தவிட்டுக்கு வாங்கிய ஓநாய்க்குட்டி

இத்தாலியில், பலெர்மோப் பட்டணத்துப் போர்கோ வெக்கியோவில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு நாய் கட்டியிருந்தது. மரக்கறிக் கடைக்காரனுடைய நாய். சங்கிலி நீளமாக இருந்தபடியால் ஒழுங்கையில் பாதி அதற்குச் சொந்தம். மற்றப் பாதியில் நாங்கள் சுவரோடு உரசிக்கொண்டு போவோம். நானும் அப்படித்தான், கையில் பை, வாயில் அருள்நிறைந்த மரியே. ஒரு நாள் காலை, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பிரெஞ்சுக்காரி நடுவில் நின்று கடைக்காரனைக் கேட்டார்.

"இதுக்கு என்ன பேர்?"

"பேர் என்னத்துக்கு? நாய்."

"பேரில்லாததுதான் கடிக்கும். வை ஒரு பேர்."

அவன் சிரித்துப்போட்டுத் தக்காளியை அடுக்கினான். அவர் தானே பெயர் வைத்தார். கப்பித்தானோ என்று வைத்தார்; கப்பல் தலைவன் என்று பொருள். நாள்தோறும் அதன் பல்லுக்கு முன்னால் நின்று அந்தப் பெயரைச் சொன்னார். கிறிஸ்து பிறந்த நத்தார் வருவதற்கு முன்னமே அந்த நாய் அவருடைய காலடியில் வந்து படுத்தது. எங்களைக் கண்டால் பிறகும் உறுமியதுதான். நாங்கள் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூச்சம்.

அவரை விளங்கிக்கொள்ள அந்த நாய் போதும். பயப்படுத்துகிற எதையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கிட்ட வரவைத்து அதன் முகத்தைப் பார்ப்பார்.

நாங்கள் அதற்கு நேர்மாறான சனம். மன்னாரில் பாம்பைப் பூச்சி என்போம். கொப்பளிப்பான் போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்போம், வேதக்காரராய் இருந்தும். என் ஐயா கடலில் நின்றால் காற்றைக்கூடக் காற்று என்று சொல்லமாட்டார், 'அவர்' என்பார். பெயரைச் சொன்னால் அது கேட்டுவிடும் என்று பயந்து வளர்ந்தவள் நான்.

அவர் முட்டை விற்றார். வீட்டின் கீழ்த்தட்டில் ஒற்றை அறைக் கடை. முன்னால் முட்டைத் தட்டுகள், பின்னால் மொட்டைமாடியில் கோழி வளர்க்கிறவர்களுக்கான தீன் மூட்டைகள். நெட்டையான மனுசி. ஒவ்வொரு முட்டையையும் மின்குமிழுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். பலெர்மோக் கப்பல்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்தவர், அவன் செத்தும் இங்கேயே இருந்தவர். அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஒழுங்கை முழுவதும் 'பிரெஞ்சுக்காரி' என்றுதான் சொல்லும். நான் ஒரு தடவை பெயரைக் கேட்டேன்.

"என்னைக் கூப்பிட வேண்டிய தேவை என்ன, பிரகாசி? நான் இஞ்சைதானே இருக்கிறன்" என்றார்.

நாங்கள் இருவரும் கதைத்தது இத்தாலியன். அவருக்கும் அது பிறத்திப் பேச்சு, எனக்கும் பிறத்திப் பேச்சு. அதனால் எங்களுக்குள் பிழை பிடிக்க ஆள் இல்லை. அவர் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் அது எனக்குக் கேட்டது.

பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, வீட்டு எசமானி, ஒருத்தி கத்துவாள். கோப்பை உடைந்தாலும் கத்து, உடையாவிட்டாலும் கத்து. நான் யாருக்கும் தலை குனிந்து பழகியவள் அல்ல, ஆனாலும் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிடுவேன். பிரெஞ்சுக்காரியிடம் சொன்னேன்.

"அவளை என்னண்டு கூப்பிடுறனீ?"

"சிஞ்ஞோரா."

"அது பேரில்லை. வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்."

அடுத்த நாள் அவள் கத்தத் தொடங்கியதும் நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவளுடைய தாய் கூப்பிடுகிறமாதிரி அவள் பெயரைச் சொன்னேன். வாய் அப்படியே நின்றது. பிறகு அந்த வீட்டில் நான் இருந்த காலம்வரை என்னோடு மெல்லத்தான் கதைத்தாள்.

என் மகள் றீற்றாவின் கதை இது. அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது பிறந்து அழுதது, பிறகு அழவில்லை. மூன்றாவது ஆண் பிள்ளை, கைக்குள் அடங்குகிற அளவு, மூச்சு விடும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். வைத்தியசாலையில் 'பார்ப்போம்' என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். அந்தப் 'பார்ப்போம்' எங்கள் வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டது. றீற்றா பிள்ளையின் மூக்கில் கை வைத்தபடியே சாப்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழி உண்டு. முன்னால் பிறந்தவை தங்காவிட்டால், அடுத்ததைப் பிறத்தியாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவோம். சுளகில் பிள்ளையைக் கிடத்திக் கொடுத்து ஒரு பிடி தவிடு வாங்குவது. வாங்கியவர்தான் பெயர் வைக்க வேண்டும். வைத்த பிறகு வாசலைத் தாண்டி வந்து, "உன்ரை பிள்ளை, நீ வளர்" என்று திருப்பித் தரவேண்டும். அதுவரை பிள்ளை வாங்கியவருடையது. பிள்ளையைத் தேடி வருவது அந்த வீட்டில் பிள்ளை இல்லையென்று போய்விடும். இதெல்லாம் சுவாமிமாருக்குப் பிடிக்காது. நான் சுவாமியிடம் கேட்கவில்லை.

தவிடு பிரெஞ்சுக்காரியிடம்தான் இருந்தது. நெல்லுத் தவிடல்ல, கோதுமைத் தவிடு. இருக்கட்டும். கோழித்தீனுக்கு வைத்திருந்த மூட்டையைக் காட்டி விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் சேர்த்தோ விக்கிறாய்?" என்று கேட்டார்.

"எல்லாமெண்டால்?"

"பிள்ளையையும், பிள்ளைக்குப் பின்னால வாறதையும்."

"ஓம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

சுளகுக்கு எங்கே போக? மருமகன் ரூபன் வன்னிப் பெடியன், சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. அவன் கொண்டுவந்த பழப்பெட்டியின் மூடி வீட்டில் கிடந்தது. அதில் சேலையை மடித்துப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தி, மத்தியானம் போல முட்டைக் கடைக்குக் கொண்டுபோனோம். ரூபன் வேலைக்குப் போயிருந்தான். அவன் இருந்தால் விடமாட்டான்.

பிரெஞ்சுக்காரி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தவிட்டை அள்ளி என் முந்தானையில் போட்டார். மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின் யன்னலைத் திறந்தார். பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், முட்டையைப் பிடிக்கிற அதே மாதிரி. பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்து உரத்துச் சொன்னார்: "லூ! இவன் லூ. என்ரை பிள்ளை."

நான் வாசலில் காத்து நின்றேன். அவர் வரவில்லை. பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசிச் சொல்லை நான் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை. எங்கள் சனத்துக்குள் அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தொட்டிலில் இருந்தே தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? வாசலில் நின்றபடியே இத்தாலியனில் சொன்னேன். கேட்டார். தமிழில் எப்படி என்றார். தமிழிலும் சொன்னேன், திரும்பச் சொல்லென்றார், சொன்னேன். அவருடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லுங்கோவன்" என்றாள் றீற்றா. அவளுடைய சட்டை பாலில் நனைந்துவிட்டது. "அம்மா, சொல்லச் சொல்லுங்கோ!"

"பால் குடு. வீட்டை கொண்டுபோ. குளிக்க வார், நித்திரையாக்கு" என்றார் பிரெஞ்சுக்காரி. பிள்ளையை அவளுடைய கையில் கொடுத்தார். "அந்தச் சொல்லை மட்டும் இப்ப கேக்காதை."

"ஏன்?"

"பிள்ளைக்குப் பின்னால வந்தது இன்னும் ஒழுங்கை முனையில நிக்குது. நான் சொன்னவுடனை உன்ரை வீட்டுக்குத்தான் வரும்."

றீற்றா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்கள் பிள்ளை இல்லாத ஒரு பிள்ளையை.

பின்னேரம் ரூபன் வந்தான். கேட்டதும் கைகூடக் கழுவாமல், தோடம்பழ மணத்தோடு படியிறங்கினான். நான் பின்னால் ஓடினேன்.

"லூ எண்டால் என்ன?" என்று கடைவாசலில் நின்று கேட்டான்.

"ஓநாய்."

"என்ரை பிள்ளைக்கு மிருகத்தின்ரை பேரோ?"

"ஏன், உன்ரை ஊரில மிருகப் பேர் இல்லையோ?"

"இல்லை!"

"தம்பி, உங்கடை அப்பப்பா சிங்கராசா எல்லே" என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமி, நீங்கள் பேசாமல் இருங்கோ!"

பிரெஞ்சுக்காரி ஒரு கதிரையைக் காலால் அவனுக்குத் தள்ளினார். அவன் உட்காரவில்லை. அவர் முட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய மலையில் ஓநாய் இருந்ததாம். நான் ஓநாயைக் கண்டதில்லை, எங்கள் ஊர் நரியைப் பெரிதாக்கி நினைத்துக்கொண்டேன். பனிக்காலத்தில் அது வீட்டுக் கதவுவரை வருமாம். அந்தச் சனம் அதற்குப் பயந்து, அதன் பெயரையே பிள்ளைகளுக்கு வைத்ததாம். "வாசல்ல நிக்கிறதுக்கும் தொட்டில்ல கிடக்கிறதுக்கும் ஒரே பேரெண்டால், அது தன்ரை குட்டி எண்டு விட்டிட்டுப் போகும்." வேதம் வருவதற்கு முன்னமே இருந்த பெயராம். வேதம் வந்தும் போகவில்லையாம். அந்தப் பெயரில் ஒரு மேற்றிராணியார், ஆயர் என்பார்களே, இருந்தாராம், பட்டணத்தை எரிக்க வந்த படைக்கு முன்னால் தனியே போய் நின்று திருப்பி அனுப்பியவராம். அவர் புனிதர் பட்டம் பெற்று அர்ச்சிஷ்டரான பிறகு, பயந்து வலிப்பு வருகிற பிள்ளைகளைத் தாய்மார் அவருடைய கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

"எழுதேக்கை கடைசியில ஒரு எழுத்து வரும், வாயில வராது" என்றார். "அது ஓநாயின்ரை வால். எழுதுவம், சொல்லமாட்டம்."

"உதெல்லாம் கதை" என்றான் ரூபன்.

"என்ரை தம்பி ஒருத்தன் லூ. அவனுக்கு முதல் மூண்டு பேர் போனவை. அவன் கிழவனாகிப் பல்லோடைதான் செத்தவன்."

ரூபனுடைய குரல் அப்போது இறங்கியது. கத்தினதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. "நான் என்ரை தம்பியின்ரை பேர் வைக்கப்போறன். கடைசிச் சண்டையில காணாமல் போனவன். பிறக்க முதலே நினைச்சு வைச்ச பேர்."

"செத்தவன்ரை பேரைக் கூப்பிட்டால் செத்தவன் வருவான்."

"அம்மா எவ்வளவு கூப்பிட்டவ தெரியுமோ? பதுங்குகுழி ஒவ்வொண்டுக்கும் போய் நிண்டு கூப்பிட்டவ. எங்கை வந்தவன்?"

பிரெஞ்சுக்காரியின் கையில் முட்டை நின்றது. முட்டையைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்.

"உன்ரை அம்மா இருக்கிறாவோ?"

"ஓம். கிளிநொச்சியில."

"அப்ப அந்தப் பேரை அவவுக்கே விடு. அவ இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருப்பா."

ரூபன் அப்போதுதான் கதிரையில் இருந்தான். அவர் அவனுடைய கையில் ஒரு முட்டையை வைத்தார், ஏனென்று தெரியாது. அதை உடையாமல் வீடுவரை கொண்டுவந்தான். பெயர் பதிவதற்கு இருந்த கடைசி நாளில் நகரசபைக்குப் போய் லூ என்று எழுதிக் கொடுத்தான், வாலோடு.

ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. நான் முட்டை வாங்கப் போகும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவார், இன்னும் இல்லையென்று. ஒழுங்கை முனையைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். கப்பித்தானோ மட்டும் படுத்திருக்கும். இருந்தும் நான் ஒற்றையாய் அந்த முனையைத் தாண்டுவதை விட்டுவிட்டேன், சுற்றிக்கொண்டு துறைமுகப் பக்கத்தால் போனேன். றீற்றா பிள்ளையைத் தூக்கும்போது "ஆற்றை பிள்ளை நீ?" என்று கொஞ்சமாட்டாள். யாருடைய பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்லவேண்டி வந்துவிடும்.

மாரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, உடம்பு பலகையாய்ப் போனது. ரூபன் தூக்கிக்கொண்டு ஓடினான், நாங்கள் பின்னால், எங்களுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரி, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஏப்ரனில் முட்டைக்கோதும் தவிடும் ஒட்டியபடி.

வைத்தியசாலையில் பிள்ளையை உள்ளே கொண்டுபோகும்போது தாதிப் பெண் நல்லவள், ரூபனின் தோளைத் தட்டி இங்கே எல்லோரும் சொல்கிற வாழ்த்தைச் சொன்னாள். 'ஓநாயின் வாய்க்குள் போய் வா' என்று வரும் அது. சோதனைக்குப் போகிற பிள்ளைக்கும் சொல்வார்கள், வேலை தேடிப் போகிறவனுக்கும் சொல்வார்கள். அதற்கு ஒரு பதிலும் இருக்கிறது, 'க்ரேபி' என்று. அது செத்துத் தொலையட்டும் என்று பொருள். ரூபன் பன்னிரண்டு வருசம் இந்த ஊரில் இருந்தவன், அவனுக்கு யோசிக்க நேரமில்லை.

"க்ரேபி" என்றான்.

பிரெஞ்சுக்காரி அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது.

"எடு! திருப்பி எடு அந்தச் சொல்லை!"

"என்னண்டு எடுக்கிறது? விழுந்திட்டுதே!"

"உன்ரை பிள்ளையின்ரை பேர் என்ன? ஆரைச் சாகச் சொல்லுறாய்?"

ரூபனுடைய முகம் வெளுத்துப்போனது. தாதி ஒன்றும் விளங்காமல் எங்களை மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்குப் பிரெஞ்சுக்காரி விளக்கினார், ஓநாய்த் தாய் குட்டியைத் தூக்குவது வாயால்தான், பல் படாமல் தூக்கும், அந்த வாய்க்குள் இருக்கிறதைப்போலப் பாதுகாப்பு வேறெங்கும் இல்லை. "வீவா எண்டு சொல்லு. வாழட்டும் எண்டு சொல்லு."

"வீவா" என்றான் ரூபன். அழுதுகொண்டே சொன்னான். இடுப்பு நாரியில் கைவைத்தபடி வரிசையில் இருந்த சிசிலியன் கிழவர் ஒருவரும், என்ன ஏதென்று தெரியாமலே, "வீவா, வீவா" என்றார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. கதவு திறக்கும்வரை நான் அந்தச் சொல்லையே செபமாலைபோல உருட்டினேன்.

பிள்ளையைத் தந்தார்கள். காய்ச்சல் வலிப்பு என்றார்கள், திரும்பவும் வரலாம் என்றார்கள். வெளியே வந்ததும் றீற்றா பிரெஞ்சுக்காரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இப்பவாவது சொல்லுங்கோ."

அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, றீற்றாவுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "கிட்ட வந்திட்டுது" என்றார். "இப்ப சொன்னால் எல்லாம் வீண்." இடது பக்க விலாவை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நடந்தார். அவர் அப்படி அழுத்துவதை நான் அதற்கு முன்னும் கண்டிருக்கிறேன், கோழித்தீன் நிறுக்கும்போது. குளிர் என்று நினைத்தேன்.

சியாகுல்லியில் பிந்திய மந்தரீன் முடிகிற பங்குனிக் காலம் கடை பூட்டிக் கிடந்தது. கப்பித்தானோ பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்திருந்தது, சங்கிலி முழு நீளமும் இழுபட்டு. அவரை வைத்தியசாலையில் வைத்திருக்கிறார்கள் என்று மரக்கறிக் கடைக்காரன் சொன்னான். நானும் றீற்றாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

நாங்கள் போன நேரம் டொக்டர் கட்டில் கால்மாட்டில் நின்றார். வயது குறைந்தவர். இந்த ஊராரும் எங்களைப்போலத்தான், உடம்பை உள்ளே இருந்து தின்கிற அந்த நோயைப் பெயர் சொல்லமாட்டார்கள். 'கெட்ட வருத்தம்' என்பார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

"கெட்டதெண்டு தெரியும். பேர் இல்லையோ அதுக்கு?" என்றார் பிரெஞ்சுக்காரி.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

"பேரைச் சொல்லு, தம்பி. உன்னைக் கடிக்காது."

அவர் சொன்னார். பிரெஞ்சுக்காரி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார், அன்று ஒழுங்கையில் நாயைக் கூப்பிட்ட அதே குரலில், அவசரமில்லாமல். பிறகு கட்டிலில் கொஞ்சம் தள்ளிப் படுத்தார், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுகிறவரைப்போல.

எனக்கு உடம்பு கூசியது. றீற்றா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். பிரெஞ்சுக்காரி அவளைப் பார்த்தார். இத்தனை மாதமும் சத்தமில்லாமல் வாய்க்குள் வைத்திருந்ததை எடுத்து வைத்தார். பிழையில்லாத தமிழ்.

"உன்ரை பிள்ளை. நீ வளர்."

றீற்றா அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாள். பிள்ளையின் காலைப் பிடித்துப் பிடித்துக் கொஞ்சினாள், "ஆற்றை பிள்ளை நீ, ஆற்றை பிள்ளை" என்று. டொக்டர் வெளியே போய்விட்டார்.

லூவுக்கு அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. ரூபன் சொல்லுவான், "மாமி, டொக்டர் சொன்னவர், அவவுக்கு அந்த வருத்தம் கனவருசமா இருந்ததாம். பிள்ளைக்கு முந்தியே. வலிப்பும் வளர வளரப் போறதுதான்." இருக்கலாம். படித்தவர்கள் சொல்வது பிழையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாத்தையும் சேர்த்தோ விக்கிறாய் என்று கேட்டது என்னிடம். ஓம் என்று சொன்னதும் நான்.

இங்கே செத்தவர்களின் பெயரைக் கறுப்பு விளிம்பு போட்ட காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். முட்டைக் கடைக் கதவுக்குப் பக்கத்திலும் ஒட்டினார்கள். பெரிய எழுத்து. எனக்கு இத்தாலியன் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், நாலாம் வகுப்புப் படித்தவள்தானே, வாசிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை வந்து அந்தக் காகிதம் உரிந்து போகும்வரை ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போனேன். வாசிக்கவில்லை.

லூ இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நல்ல உயரம், பல் வரிசை வடிவு. சுவரில் எதைக் கண்டாலும் சிசிலியன் இழுவையில் வாசித்துக்கொண்டு வருவான். போன கிழமை முட்டைக் கடை இருந்த இடத்தில், இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள், அங்கே நின்று கேட்டான்.

"அம்மம்மா, எனக்குப் பேர் வைச்ச பிரெஞ்சுப் பாட்டியின்ரை பேர் என்ன?"

"தெரியாது ராசா."

"ஒருத்தருக்கும் தெரியாதோ? கேட்டுப் பாப்பமோ?"

"வேண்டாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் எதைக் கூட்டிக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் வருவார். தனியே வரமாட்டார்.